பைப்லைன் உடைந்த நாளில் திறக்க வேண்டிய விண்டோ

டபுள் க்ளிக் செய்தார். ஒன்றும் வரவில்லை. ஒரு நொடி கழித்து சின்னப் பெட்டி ஒன்று வந்தது. அதில் நீளமான ஹெக்ஸ் எண்ணாக ஒரு பிழைக் குறியீடு, கீழே ஓகே பட்டன். மூடிவிட்டு மறுபடி டபுள் க்ளிக் செய்தார். அதே பெட்டி.

"விண்டோவே வரமாட்டேங்குது. உள்ள போனாத்தானே சரி பண்ண முடியும்?" என்று கேட்டார்.

என்னோடு டேட்டா குழுவில் வேலை செய்தவர் அவர். எஸ்எஸ்ஐஎஸ் (SSIS) என்பது தரவை ஓரிடத்திலிருந்து எடுத்து, வழியில் மாற்றி, இன்னோரிடத்தில் சேர்க்கும் மைக்ரோசாஃப்ட் கருவி; அந்த வழிதான் பைப்லைன், அதில் ஒரு படியாக உட்காரும் சிறு நிரல் காம்பொனன்ட். அவர் டபுள் க்ளிக் செய்த காம்பொனன்டை எழுதியவன் நான். அதன் எடிட்டிங் விண்டோவை எழுதியவனும் நான்தான். இரண்டு மாதமாக ஒரு புகாரும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலை மூல டேபிளில் நெடுவரிசைகளின் பெயர்களை மாற்றியிருந்தார்கள், பைப்லைன் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய என் விண்டோவைத் திறக்க வேண்டும். என் விண்டோ திறக்க வேண்டுமென்றால் பைப்லைன் சரியாக இருக்க வேண்டும். நானே போட்டு வைத்த முடிச்சு அது.

கடைசியில் அவர் அந்தக் காம்பொனன்டை அழித்துவிட்டு, புதிதாக ஒன்றை இழுத்துப் போட்டு, 43 நெடுவரிசைகளுக்கும் விதிகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தேர்ந்தெடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பைப்லைன் சேமிக்கப்பட்டிருந்த பழைய டிடிஎஸ்எக்ஸ் (dtsx) ஃபைலைத் திறந்து, எக்ஸ்எம்எல்லுக்குள் தேடித் தேடி எந்த நெடுவரிசைக்கு எந்த விதி என்று படித்துச் சொன்னேன். மதியம் முழுக்க அதிலேயே போனது. எடிட்டிங் விண்டோ என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த மதியத்தில்தான். அதற்கு முன்னால் நான் கட்டியது ஒரு படிவம், அவ்வளவுதான்.

(டேபிளின் column-ஐக் காலம் என்று எழுதினால் நேரத்தோடு குழம்புகிறது. அதனால் நெடுவரிசை என்றே எழுதுகிறேன். பேசும்போது நானும் காலம் என்றுதான் சொல்வேன்.)

அந்தக் காம்பொனன்ட் செய்தது எளிய வேலைதான். எஸ்எஸ்ஐஎஸ் டேட்டா ஃப்ளோவில் நடுவே உட்கார்ந்துகொண்டு, கடந்து போகும் எழுத்து நெடுவரிசைகளைச் சுத்தம் செய்யும். முன்பின் இருக்கும் வெற்றிடத்தை வெட்டும், இடையில் வரும் இரட்டை வெற்றிடத்தை ஒன்றாக்கும், யூனிகோடு வடிவத்தை ஒரே சீராக மாற்றும். கடைசியாகச் சொன்னது தமிழ்த் தரவில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று, ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறி. மற்றது, ககரத்தோடு எகரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். இன்னொரு டேபிளோடு ஒப்பிட்டுத் தேடும் லுக்அப்பில் போட்டால் பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

எஸ்எஸ்ஐஎஸ் வந்தது எஸ்க்யூஎல் சர்வர் 2005-இல், அதற்கு முந்தைய டிடிஎஸ்ஸுக்கு மாற்றாக. முதல் பதிப்பிலிருந்தே நாமே காம்பொனன்ட் எழுதிச் சேர்க்க வழி இருந்தது. பைப்லைன் காம்பொனன்ட் என்ற கிளாஸிலிருந்து வழிவந்த ஒரு கிளாஸ் எழுதி, தலைக்கு மேல் ஓர் ஆட்ரிபியூட் (அதை இன்னதென்று அறிவிக்கும் குறிப்பு) வைத்தால் போதும். எடிட்டிங் விண்டோ எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுதாவிட்டால் அட்வான்ஸ்டு எடிட்டர் திறக்கும். அது எல்லாக் காம்பொனன்டுக்கும் பொதுவான விண்டோ. மெட்டாடேட்டாவில், அதாவது காம்பொனன்டின் அமைப்பு விவரங்களில், இருப்பதை உள்ளது உள்ளபடி டேப் டேப்பாகக் காட்டும்.

அட்வான்ஸ்டு எடிட்டரை நான் குறை சொல்ல மாட்டேன். காம்பொனன்ட் எழுதுகிறவனுக்கு அதைவிட நேர்மையான விண்டோ கிடையாது. ஆனால் அதைப் பயன்படுத்துகிறவருக்கு? நம் விதி நெடுவரிசைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இன்புட் அண்ட் அவுட்புட் ப்ராப்பர்ட்டீஸ் டேப்புக்குப் போக வேண்டும், மரத்தில் இன்புட்டை விரிக்க வேண்டும், இன்புட் நெடுவரிசைகளை விரிக்க வேண்டும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வலது பக்கத்தில் நம் ப்ராப்பர்ட்டியைத் தேட வேண்டும், அதில் 2 என்றோ 3 என்றோ அடிக்க வேண்டும். 3 என்றால் என்ன என்பதை அவர் வேறெங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும். இதை 43 முறை செய்ய வேண்டும்.

முழு விண்டோ கட்டுவதற்கு முன் நடுவில் ஒரு படி இருக்கிறது. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாமே சேர்க்கும் ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் டைப் கன்வர்ட்டர், யூஐ டைப் எடிட்டர் என்று இரண்டு இடங்கள் உண்டு. முதலாவதில் எண்களுக்குப் பெயர் வைக்கும் ஓர் enum வகையின் முழுப்பெயரைக் கொடுத்தால், 3 என்று அடிக்க வேண்டிய இடத்தில் பட்டியல் விரியும். இரண்டாவதில் நம் சிறு எடிட்டரின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெட்டியின் ஓரத்தில் மூன்று புள்ளிப் பட்டன் வந்து நம் எடிட்டரைத் திறக்கும். காம்பொனன்டுக்கு நான்கைந்து ப்ராப்பர்ட்டிகள்தான் என்றால் இதுவே போதும், தனி விண்டோ வேண்டாம். எழுதும் ஒவ்வொரு விண்டோவையும் அடுத்த பல வருடங்களுக்கு யாராவது பராமரிக்க வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் எழுதியவராக இருக்கமாட்டார்.

நெடுவரிசைக்கு ஒரு விதி என்று வந்துவிட்டால் அந்தப் படி போதாது. விண்டோ தேவைதான்.

விண்டோவுக்கான இன்டர்ஃபேஸின் பெயர் ஐடிடிஎஸ் காம்பொனன்ட் யூஐ. மொத்தம் ஐந்து மெத்தட்கள்: இனிஷியலைஸ், நியூ, எடிட், டெலீட், ஹெல்ப். டெலீட்டும் ஹெல்ப்பும் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். இனிஷியலைஸில் காம்பொனன்டின் மெட்டாடேட்டாவும் ஒரு சர்வீஸ் ப்ரொவைடரும் கைக்கு வரும், இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எடிட் நடந்ததும் ட்ரூ அல்லது ஃபால்ஸ் திருப்ப வேண்டும். மாற்றம் உண்டு என்றால் ட்ரூ, இல்லை என்றால் ஃபால்ஸ். நியூ மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். காம்பொனன்டை டூல்பாக்ஸிலிருந்து இழுத்துப் போடும்போது அது கூப்பிடப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். காப்பி பண்ணி ஒட்டும்போதும் அது கூப்பிடப்படும். புதிதாக வந்த காம்பொனன்டுக்கு முதல் அமைப்பு கேட்கும் ஒரு சிறு விண்டோவை நான் நியூவுக்குள் வைத்திருந்தேன். ஏற்கெனவே எல்லாம் அமைத்த ஒன்றைக் காப்பி செய்து ஒட்டியபோதும் அது எழும்பி வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டது. இதற்காகவே க்ளிப்போர்டு சர்வீஸ் என்று ஒன்று இருக்கிறது. சர்வீஸ் ப்ரொவைடரிடம் அதைக் கேட்டு வாங்கி, இப்போது ஒட்டுதல்தான் நடக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். இப்போது நான் நியூவில் எந்த விண்டோவும் திறப்பதில்லை. காம்பொனன்ட் நல்ல ஆரம்ப மதிப்புகளோடு பிறந்தால் போதும்.

விண்டோவையும் காம்பொனன்டையும் இணைப்பது ஒரு ஸ்ட்ரிங். ஆட்ரிபியூட்டில் யூஐ டைப் நேம் என்ற இடத்தில் விண்டோ கிளாஸின் பெயர், அது இருக்கும் டிஎல்எல்லின் (கம்பைல் செய்த நிரல் ஃபைலின்) பெயர், வெர்ஷன், கல்ச்சர், பப்ளிக் கீ டோக்கன் என்று எல்லாவற்றையும் கமா போட்டு எழுத வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் விண்டோ வராது. டைப்பையே நேரடியாகக் கேட்டிருக்கலாமே, கம்பைலரே சரிபார்த்திருக்குமே என்று ஆரம்பத்தில் எனக்குக் கோபம். பிறகுதான் காரணம் புரிந்தது. பேக்கேஜ் (பைப்லைன் அடங்கிய தொகுப்பு) இரவில் ஓடுவது ஒரு சர்வரில், அங்கே யாரும் விண்டோ திறக்கப் போவதில்லை. இணைப்பு ஸ்ட்ரிங்காக இருப்பதால் காம்பொனன்ட் டிஎல்எல்லுக்கு விண்டோ டிஎல்எல் இருப்பதே தெரிய வேண்டியதில்லை. விண்டோவைத் தனி டிஎல்எல்லாக வைத்து, பேக்கேஜை வரையும் டிசைனர் இருக்கும் கம்ப்யூட்டர்களில் மட்டும் நிறுவலாம். நல்ல யோசனை அது. அதை மதித்து முதல் நாளிலேயே இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். பிற்பாடு பிரிப்பது பெரும்பாடு.

அந்த வெர்ஷன் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு பில்டுக்கும் அசெம்ப்ளி வெர்ஷனை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். விண்டோவின் ஸ்ட்ரிங் மட்டும் உடையும் என்றால் பரவாயில்லை. பேக்கேஜ் ஃபைலுக்குள்ளும் காம்பொனன்டின் முழுப்பெயர் வெர்ஷனோடு எழுதப்பட்டிருக்கும். எண் மாறினால் ஏற்கெனவே சேமித்த பேக்கேஜ்கள் நம் காம்பொனன்டைக் கண்டுபிடிக்காது. அசெம்ப்ளி வெர்ஷனை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு ஃபைல் வெர்ஷனை மட்டும் மாற்றுவதுதான் நான் கண்ட வழி.

நிறுவும் வேலையில் சொல்ல அதிகம் இல்லை. டிஎல்எல்களுக்குக் கையொப்பம் வேண்டும், டாட்நெட்டின் பொதுக் கிடங்கான ஜிஏசியில் (GAC) சேர்க்க வேண்டும், காம்பொனன்டை மட்டும் டிடிஎஸ் ஃபோல்டருக்குக் கீழுள்ள பைப்லைன் காம்பொனன்ட்ஸ் ஃபோல்டரிலும் போட வேண்டும். அந்த ஃபோல்டரின் வழியில் வரும் எண் பதிப்பைச் சொல்லும்: 110 என்றால் 2012, 130 என்றால் 2016, 150 என்றால் 2019. விஷுவல் ஸ்டுடியோ 2022 வரும்வரை டிசைனர் 32 பிட்தான் என்பதால் எக்ஸ்86 பக்கத்து ஃபோல்டரில் போட மறந்து தவித்தவர்கள் நிறையப் பேர். டிசைனர் ஒருமுறை டிஎல்எல்லைப் பிடித்துக்கொண்டால் விடாது. விண்டோவில் ஒரு லேபிளை மாற்றினாலும் விஷுவல் ஸ்டுடியோவை மூடித் திறந்தால்தான் தெரியும். இதற்காகவே இரண்டு விஷுவல் ஸ்டுடியோ வைத்துக்கொள்வேன். ஒன்றில் கோடு (code), மற்றதில் சோதனைப் பேக்கேஜ். முதலாவதை இரண்டாவதோடு அட்டாச் செய்தால் விண்டோ திறக்கும் கணத்தில் ப்ரேக் பாயிண்ட் நிற்கும்.

சரி, இனி அந்த மதியத்துக்கு வருகிறேன்.

எஸ்எஸ்ஐஎஸ்ஸில் ஒரு நெடுவரிசையின் அடையாளம் அதன் பெயர் அல்ல, லீனியேஜ் ஐடி. மேலே உள்ள காம்பொனன்டுகள் தரும் நெடுவரிசைகள் எல்லாம் நம்மிடம் வர்ச்சுவல் இன்புட் என்ற பட்டியலாக வந்து சேரும். அதில் நமக்கு வேண்டியதை மட்டும் நாம் தேர்ந்தெடுப்போம். தேர்ந்தெடுத்த நெடுவரிசை, தன் லீனியேஜ் ஐடி வழியாக மேலே உள்ளதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மூல டேபிளில் பெயர்கள் மாறி, சோர்ஸ் காம்பொனன்டைப் புதுப்பித்தபோது, பழைய நெடுவரிசைகள் போய்ப் புதியவை புதிய ஐடிகளோடு வந்திருந்தன. என் காம்பொனன்டில் இருந்த 43 நெடுவரிசைகளும் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றன.

என் விண்டோ திறக்கும்போது என்ன செய்தது? தேர்ந்தெடுத்த ஒவ்வொரு நெடுவரிசையையும் எடுத்து, அதன் லீனியேஜ் ஐடியைக் கொடுத்து, வர்ச்சுவல் இன்புட்டில் உள்ள அதன் மூலத்தைக் கேட்டது. இல்லாத ஐடியைக் கேட்டால் எக்ஸெப்ஷன், அதாவது ஓட்டத்தையே நிறுத்தும் பிழை, வரும். முதல் நெடுவரிசையிலேயே வந்தது. விண்டோ வரைந்து முடிக்கும் முன்பே விழுந்தது. ஒற்றை வரி. எழுதும்போது அந்த வரியில் தவறு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை, ஏனென்றால் நான் சோதித்த எல்லாப் பேக்கேஜ்களும் நல்ல நிலையில் இருந்தன.

யோசித்துப் பார்த்தால், ஒருவர் எடிட்டிங் விண்டோவை எத்தனை முறை திறப்பார்? காம்பொனன்டை முதலில் அமைக்கும்போது ஒருமுறை. அடுத்த வாரம் ஏதாவது சின்னத் திருத்தத்துக்கு ஒருமுறை. அதன்பிறகு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அவருக்கு அதைத் திறக்க ஒரு காரணமும் இல்லை. மறுபடி திறக்கும் நாள் ஏதோ உடைந்த நாள். மேலே நெடுவரிசை போயிருக்கும், தரவு வகை மாறியிருக்கும், கனெக்ஷன் எட்டாது, பாஸ்வேர்டு காலாவதியாகியிருக்கும். ஆக, விண்டோவின் ஆயுளில் பெரும்பாலான திறப்புகள் கோளாறோடுதான் நடக்கும். நானோ எல்லாம் சரியாக இருக்கும் நிலையை மட்டும் மனதில் வைத்து அதைக் கட்டியிருந்தேன். அன்றிலிருந்து விண்டோ எழுத உட்கார்ந்தால் நான் முதலில் எழுதும் சோதனைப் பேக்கேஜ் உடைந்த பேக்கேஜ்தான். சோர்ஸ் இல்லாதது, பாதி நெடுவரிசைகள் மட்டும் உள்ளது, வகை மாறியது, சர்வரே இல்லாதது என்று நான்கைந்து.

எக்ஸெப்ஷனைப் பிடித்து விண்டோவைத் திறக்க வைப்பது அரை மணி நேர வேலை. அதைச் செய்த பிறகுதான் அடுத்த கோளாறு தெரிந்தது. அது முதலாவதைவிட மோசம்.

காம்பொனன்டின் வேலிடேட் மெத்தட், நெடுவரிசைகள் செல்லாதவை என்று கண்டால் "எனக்குப் புது மெட்டாடேட்டா வேண்டும்" என்ற பொருளில் ஒரு நிலையைத் திருப்பும். அப்போது ரீஇனிஷியலைஸ் மெட்டாடேட்டா என்ற மெத்தட் கூப்பிடப்படும். அதற்குள், செல்லாத இன்புட் நெடுவரிசைகளை நீக்கு என்ற ஒற்றை வரியைத்தான் எல்லோரும் எழுதுவோம், நானும் எழுதியிருந்தேன். பிழை போய்விடும், சிவப்புக் குறி மறையும். ஆனால் என் விதிகள் எங்கே இருந்தன? அந்த நெடுவரிசைகளின் மேலேயே ப்ராப்பர்ட்டியாக. நெடுவரிசை போனால் விதியும் போச்சு. ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து யோசித்து, எந்தப் பெயர்ப் பட்டியலுக்கு எந்தச் சுத்தம் என்று எடுத்த முடிவுகள் எல்லாம் "சரிசெய்தல்" என்ற பெயரில் சத்தமில்லாமல் அழியும். விண்டோ திறந்திருந்தாலும் அவருக்குக் காலிப் பட்டியல்தான் தெரிந்திருக்கும்.

அந்த முடிவுகள் அவருடைய வேலை. காம்பொனன்டுக்குச் சொந்தமானவை அல்ல. அவரைக் கேட்காமல் அதைத் தூக்கி எறியும் உரிமை என் கோடுக்கு இல்லை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

எனவே விதிகளை இன்னோர் இடத்திலும் எழுதி வைக்கத் தொடங்கினேன். காம்பொனன்ட் மட்டத்தில் ஒரு ப்ராப்பர்ட்டி; அதற்குள் நெடுவரிசையின் பெயர், தரவு வகை, விதி மூன்றும் சிறு எக்ஸ்எம்எல்லாக. நெடுவரிசை போனாலும் இது நிற்கும். பழைய பேக்கேஜ்களில் இந்த ப்ராப்பர்ட்டி இருக்காது. ஆட்ரிபியூட்டில் கரன்ட் வெர்ஷன் எண்ணை ஏற்றி, பெர்ஃபார்ம் அப்கிரேடு மெத்தடில் அதைச் சேர்த்து, நெடுவரிசைகளில் இருக்கும் விதிகளைப் படித்து நிரப்பினேன். அந்த மெத்தட் எதற்கு என்று பலரும் பார்ப்பதே இல்லை. ஏற்கெனவே ஊரெல்லாம் ஓடும் பேக்கேஜ்களை உடைக்காமல் காம்பொனன்டை வளர்க்க அதுதான் ஒரே வழி.

பிறகு விண்டோ. இப்போது அது திறக்கும்போது இரண்டு பட்டியல்களை எடுக்கிறது. சேமித்த விதிகள் ஒன்று, மேலிருந்து இப்போது வரும் நெடுவரிசைகள் மற்றது. இரண்டிலும் உள்ளவை வழக்கம்போல் நடுவில் வரும். விதி இருந்து நெடுவரிசை இல்லாதவை பட்டியலின் உச்சியில், மங்கிய மஞ்சள் பின்னணியோடு வரும். அவற்றின் பக்கத்தில் ஒரு ட்ராப் டவுன். அதில் புதிதாக வந்து இன்னும் விதி இல்லாத நெடுவரிசைகள் மட்டும், பெயர் நெருக்கத்தின்படி வரிசையாக. அவர் பழையதற்குப் புதியதைக் காட்டினால் விதி அங்கே போய்ச் சேரும். வேண்டாம் என்றால் அழிக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் விதி அப்படியே காத்திருக்கும், அடுத்த முறை திறக்கும்போதும் மேலே மஞ்சளாக நிற்கும். பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக நானே மாற்றிவிடுவதில்லை. "பெயர்" என்பது "பெயர்_1" ஆவதும், அது முதல் பெயரா குடும்பப் பெயரா என்று மாறுவதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரியும். அவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

வேறு கருவிகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடியபோது, நைம் (KNIME) என்ற தரவுக் கருவி எனக்குப் பிடித்திருந்தது. அதில் அமைப்புகளைப் படிக்க இரண்டு வகை மெத்தட்கள். சாவியை மட்டும் கொடுத்துக் கேட்டால், மதிப்பு இல்லாதபோது எக்ஸெப்ஷன் வரும். சாவியோடு மாற்று மதிப்பையும் கொடுத்துக் கேட்டால், இல்லாதபோது அந்த மாற்று மதிப்பு வரும். ஓடும் பகுதிக்கு முதலாவது, விண்டோவுக்கு இரண்டாவது. ஓடும்போது சந்தேகம் இருந்தால் நிற்க வேண்டும், விண்டோ என்றால் எப்படியாவது திறக்க வேண்டும். நான் ஒரு மதியம் செலவழித்துக் கற்றதை அங்கே மெத்தட் கையெழுத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

சர்வர் எட்டாத நாளும் உடைந்த நாள்தான். என் இன்னொரு காம்பொனன்டுக்கு, ஒரு டேபிளில் இருக்கும் விதித் தொகுப்புகளின் பெயர்கள் ட்ராப் டவுனில் வர வேண்டியிருந்தது. அதை விண்டோ திறக்கும்போதே போய் எடுத்தேன். சர்வர் மெதுவாக இருந்தால் டிசைனர் மொத்தமும் உறைந்துபோனது. இப்போது விண்டோ முதலில் திறந்துவிடும். ட்ராப் டவுனில் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த பெயர் மட்டும் இருக்கும். பட்டியல் பின்னால் வந்து சேரும், வராவிட்டால் வரவில்லை என்று பக்கத்தில் ஒரு வரி சொல்லும். பின்னணி த்ரெட்டில் பட்டியலை மட்டும்தான் எடுக்க வேண்டும். மெட்டாடேட்டா பொருள்களை அங்கிருந்து தொடக்கூடாது, தொட்டால் வரும் கோளாறுகளைத் துரத்திப் பிடிக்கவே முடியாது.

கேன்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேன்சல் என்பது ஒரு வாக்குறுதி. "இதுவரை நீங்கள் செய்தது எதுவும் நடக்கவில்லை" என்பது அதன் பொருள். என் விண்டோவில் ஒரு விதியை விரிவாகத் திருத்த ஒரு குட்டி விண்டோ இருந்தது. அது தாய் விண்டோவின் பொருளையே நேரடியாகக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டிக்கையும் உடனுக்குடன் அதில் எழுதியது. ஒருவர் உள்ளே போய்ச் சும்மா இரண்டு டிக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேன்சல் கொடுத்தார். பிறகு வெளியே வந்து வேறொரு மாற்றம் செய்து ஓகே கொடுத்தார். கேன்சல் செய்த இரண்டும் சேர்ந்து சேமிக்கப்பட்டன. யாருக்கும் தெரியவில்லை. பல நாள் கழித்து வெற்றிடம் வெட்டப்படாத வரிசைகள் வந்து நின்றபோதுதான் தேடிப் பிடித்தோம். இப்போது ஒவ்வொரு விண்டோவும் திறக்கும்போது ஒரு நகல் எடுக்கும், நகலில்தான் எழுதும், ஓகே கொடுத்த பிறகு ஒரே மூச்சில் அதைத் தாய்க்குத் தரும். மெட்டாடேட்டாவைத் தொடுவது கடைசி ஓகேயில் மட்டும்தான். கெட்டில் (Kettle) என்ற இன்னொரு தரவுக் கருவியில் விண்டோவின் ஓப்பன் மெத்தட் கேன்சல் என்றால் null, அதாவது ஒன்றுமில்லை என்று திருப்பும், ஓகே என்றால் ஸ்டெப்பின் பெயரைத் திருப்பும். எந்தக் கருவியாக இருந்தாலும் அந்த இரண்டு பதில்களில் ஒன்றை நாம் உண்மையாகச் சொல்ல வேண்டும்.

கடைசி ஓகேயில் எழுதும்போதும் நேராக மெட்டாடேட்டாவில் எழுதுவதில்லை. மெட்டாடேட்டாவிடம் இன்ஸ்டன்ஷியேட் என்று கேட்டால் காம்பொனன்டின் டிசைன் டைம் வடிவம் கைக்கு வரும். நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்க அதன் செட் யூசேஜ் டைப், விதியை எழுத அதன் செட் இன்புட் காலம் ப்ராப்பர்ட்டி. இரண்டுமே காம்பொனன்டின் கோடு வழியாகப் போகும். எண் நெடுவரிசைக்கு எழுத்து விதி வைக்கக் கூடாது என்றால், அந்த மறுப்பு காம்பொனன்டில் இருக்க வேண்டும். விண்டோவில் அந்த நெடுவரிசையை மங்கலாக்கிக் காட்டுவது ஒரு மரியாதை மட்டுமே. ஏனென்றால் நம் விண்டோ ஒன்றே வாசல் அல்ல. ரைட் க்ளிக் செய்து அட்வான்ஸ்டு எடிட்டரைத் திறக்கலாம், கோடு எழுதிப் பேக்கேஜ் உருவாக்கலாம், எக்ஸ்எம்எல்லையே கையால் திருத்தலாம். விண்டோவில் மட்டும் காவல் போட்டால் மற்ற வாசல்கள் எல்லாம் திறந்தே கிடக்கும். காம்பொனன்ட் எழுப்பும் பிழைச் செய்தியைப் பிடித்துத் தர எரர் கலெக்ஷன் சர்வீஸ் என்று ஒன்று இருக்கிறது. அந்தச் செய்தியையே விண்டோவின் அடியில் காட்டுகிறேன். அதனால் விண்டோ ஒன்று சொல்லி, இரவில் ஓடும்போது லாக் வேறொன்று சொல்லும் நிலை வருவதில்லை.

இந்த விண்டோவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வலது ஓரத்தில் இருக்கும் சின்ன முன்னோட்டப் பகுதி. ஓர் எடுத்துக்காட்டு எழுத்தை அடித்தால், தேர்ந்தெடுத்த விதிகள் ஓடி, பக்கத்தில் விடை வரும். முதலில் எழுத்தை மட்டும்தான் காட்டினேன். யூனிகோடு விதிக்கு அது பயனற்றது என்று உடனே தெரிந்தது. 'கொடி' என்று ஒட்டினால் இடப்பக்கமும் 'கொடி', வலப்பக்கமும் 'கொடி'. பார்க்கிறவருக்கு எதுவும் நடக்கவில்லை என்று தோன்றும். அதனால் ஒவ்வொன்றின் கீழும் குறியீடுகளைப் பிரித்துக் காட்டினேன். இடப்பக்கம் க, எகரக் கொம்பு, துணைக்கால், ட, இகரக் குறி என்று ஐந்து கட்டங்கள். வலப்பக்கம் க, ஒகரக் குறி, ட, இகரக் குறி என்று நான்கு. மேலே "5 → 4" என்று ஓர் எண். லுக்அப் ஏன் பொருந்தவில்லை என்று வாரக்கணக்கில் தேடிய ஒருவர் அந்த ஐந்தையும் நான்கையும் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. "இவ்வளவு நாள் இதுதானா?" என்று மட்டும் கேட்டார்.

முன்னோட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. அங்கே ஓடும் கோடும் இரவில் ஓடும் கோடும் ஒன்றாகவே இருக்க வேண்டும். விண்டோவுக்கென்று விதிகளைத் திரும்ப எழுதினால், ஒரு நாள் இரண்டும் விலகும். அதனால் விதிகள் மட்டும் மூன்றாவது டிஎல்எல்லாகப் போயின; காம்பொனன்டும் அதைக் கூப்பிடும், விண்டோவும் அதையே கூப்பிடும். அதே முன்னோட்டத்தில் எதிர்ப்பக்கத்தையும் பார்க்கலாம். பிரித்த வடிவத்துக்கு மாற்றும் விதியைத் தேர்ந்தெடுத்தால் நான்கு ஐந்தாகும். நெடுவரிசையின் அகலம் போதாவிட்டால் ஓடும்போது வெட்டுப்பட்டுப் பிழை வரும். இப்போது அந்த விதியைத் தேர்ந்தெடுத்த உடனேயே காம்பொனன்டின் வேலிடேட் எச்சரிக்கை தருகிறது, அது விண்டோவின் அடியில் தெரிகிறது.

சில மாதம் கழித்து மூல டேபிளில் மறுபடி பெயர்கள் மாறின. இந்த முறை 17 நெடுவரிசைகள். அவர் என்னைக் கூப்பிடவில்லை. மாலையில் பேச்சுவாக்கில்தான் சொன்னார்: விண்டோ திறந்தது, மேலே 17 வரிகள் மஞ்சளாக இருந்தன, 16-க்கு ட்ராப் டவுனில் முதலில் வந்ததே சரியாக இருந்தது, ஒன்றை மட்டும் யோசித்து மாற்றினேன் என்று. அப்புறம் ஒன்று கேட்டார்.

"அந்த மஞ்சள் வரிகளை அப்படியே காப்பி பண்ணி எடுக்க முடியுமா? பேர் மாத்தினவங்களுக்கு மெயில்ல அனுப்பணும்."

அடுத்த பில்டில் அந்தப் பட்டனை வைத்தேன். பழைய பெயர், புதிய பெயர், விதி மூன்றும் டேப் இடைவெளியோடு க்ளிப்போர்டுக்குப் போகும், நேராக எக்ஸெலில் ஒட்டலாம்.